பெரட்டுக் களத்தில் தம்பி

என்னை ரிமூவ் கிளாஸில் போட்டபோது எங்கள் தேயிலை எஸ்டேட்டின் லயத்து வீடுகளில் பேசாத வாய் இல்லை. ஆறாம் ஆண்டு முடித்தும் மலாய் தேறாதவர்கள், முதலாம் படிவத்துக்குப் போகுமுன் ஒரு வருஷம் அங்கே உட்கார வேண்டும். "மண்டையில களிமண்ணா?" என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்டார். எனக்கு அப்படி ஓர் ஆத்திரம்! களிமண்ணும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எஸ்டேட்டில், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையை மூடிவிட்டார்கள். அம்மா கொழுந்து பறிக்கப் போனால் கைக்குழந்தைத் தம்பியை நான்தான் பார்த்தேன். வாரத்துக்கு இரண்டு நாளாவது பள்ளிக்கு மட்டம். மூத்த பெண் என்றால் எங்கள் லயத்தில் அதுதான் வழக்கம்.

ரிமூவ் கிளாஸ் டவுனில் இருந்தது. முதல் வாரம், நான் வேனுக்குக் கிளம்பும்போது, ஆறாம் ஆண்டுக்குப் போயிருந்த தங்கையிடம் அம்மா சொன்னார்: "இனிமே தம்பிய நீதான் பாத்துக்கணும்."

அவள் பள்ளிப் பையைக் கழற்றி வைத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்ப இவளும் ரிமூவ்தாம்மா போவா!"

"வேற என்னா செய்ய சொல்ற? வேலைய விட்டுடவா?" அம்மாவின் கண் கலங்கியது. அவரைச் சொல்லியும் குற்றமில்லை.

தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பனியில் செருப்பு வழுக்கியது. காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக் களத்தில், எஸ்டேட் கணக்கெழுதும் கிராணி ஆட்களைப் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் மேசையில், வருகைப் புத்தகத்தின் மேலேயே தம்பியை உட்கார வைத்தேன்.

"கிராணி ஐயா, ஆயாக் கொட்டகைய தொறக்குற வரைக்கும் நீங்களே பாத்துக்குங்க லா. என் தங்கச்சி ஸ்கூலுக்குப் போவணும்."

"ஏய்! தூக்கு புள்ளய!" என்று அவர் பதறி எழுந்தார். தம்பி சாவகாசமாகப் புத்தகத்தை நனைத்தான். கூடை மாட்டியிருந்த பெண்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்ததும் அந்தப் பக்கத்து வீட்டு அத்தை தன் கடைக்குட்டியையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "என் புள்ளயும் இருக்கட்டும் லா." பிறகு இன்னொருத்தர். ஐயோ, மேசையில் இடமே இல்லை!

பின்னாலேயே ஓடிவந்த அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கினார். அடிக்கவில்லை. தம்பியையும் தூக்கவில்லை. கூடையை மாட்டிக்கொண்டு வரிசையில் போய் நின்றார்.

கிராணி மேனேஜருக்குப் போன் போட்டார். அந்த வாரமே கொட்டகை திறந்தது. களத்துக்கு ஓடிய அன்றைக்கு எனக்கு வேன் போய்விட்டது; கொட்டகை திறக்கும் வரை தம்பியோடு நானே இருந்தேன். தங்கை பள்ளிக்கு ஒரு நாளும் மட்டம் போடவில்லை.

அடுத்த வருஷம் அவள் நேராக முதலாம் படிவத்துக்கு வந்தாள். நானும் ரிமூவ் முடித்து அதே வகுப்பு! எனக்கு ஒரே குதூகலம். முதல் நாளே டீச்சர், அக்காவும் தங்கையும் எப்படி ஒரே வகுப்பில் என்று மலாயில் கேட்டார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் எழுந்து நின்று நடந்ததை எல்லாம் சொன்னேன், முழுக்க முழுக்க மலாயில்.