சதர் பஜாரில் வரி தெரியாத ஒரு நாள்

சின்னி, நீ இல்லாமல் டில்லி சதர் பஜாருக்குப் போய் வந்துவிட்டேன். என் தங்கச்சி நீ இறந்த பிறகு பாத்திர வியாபாரமே வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஜனக்புரி முத்துலட்சுமி மகள் கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் கேட்டாள். போன புதன்கிழமை கிளம்பினேன். சீர் எடுக்கப் போகிற மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று வழியைச் சொல்கிறேன்.

ஜனக்புரி வெஸ்ட்டில் மெட்ரோ ஏறி ஆர்.கே. ஆசிரமத்தில் இறங்க வேண்டும். அரை மணிக்குக் கொஞ்சம் கூட ஆகும். அங்கிருந்து இ-ரிக்‌ஷாவில் ஆளுக்கு இருபது ரூபாய். முன்பெல்லாம் திரும்பும்போது எங்கள் இருவர் மடியிலும் குண்டான்கள் இருக்கும். கல்யாணம் யாருக்கு என்று டிரைவர் கேட்டால், "இதோ, என் அக்காவுக்குத்தான் பையா" என்பாள் சின்னி. எனக்கு அப்போதே தலை நரைத்திருந்தது.

இந்தத் தடவை பஜாரில் தோளில் இடிக்கக்கூட ஆள் இல்லை. பாத்திர வரி குறையும் என்று டிவியில் சொல்லிவிட்டார்கள். எப்போது, எவ்வளவு என்று சொல்லவில்லை. அதனால் வாங்குகிறவர்கள் காத்திருக்கிறார்கள். கடைக்காரர்கள் புதுச் சரக்குக்கு ஆர்டர் சொல்வதில்லை. மெட்ராஸ் பக்கத்திலிருந்து இட்லிக் குண்டான் ஏற்றி வரும் லாரியும் நின்றுவிட்டது.

நாங்கள் வழக்கமாக வாங்கும் கடை லாலாஜி என்னைப் பார்த்ததும், "சோட்டி வரலையா?" என்று சின்னவளைக் கேட்டார். சொன்னேன். கல்லாவை விட்டு எழுந்து வந்து டீ சொன்னார்.

"அவ இருந்தா இந்நேரம் பாதி விலைக்குக் கேட்டு என்னை அழவெச்சிருப்பா" என்று இந்தியில் சொன்னார். பிறகு, "பெஹன்ஜி, பெரிய குண்டான் இது ஒண்ணுதான் பாக்கி. பழைய வரியில எடுத்துட்டுப் போங்க. வரி குறைஞ்சா திருப்பிக் கொண்டாங்க, புது பில் போட்டுத் தரேன். ஆனா பேர் வெட்டின பாத்திரத்தை நான் வாங்க மாட்டேன்."

முத்துலட்சுமிக்குப் போன் செய்தேன்.

"பேரை வெட்டிராதீங்கக்கா. வரி குறைஞ்சா குறைஞ்ச விலைதான் நான் தருவேன், இப்பவே சொல்லிட்டேன்."

"பேரில்லாத பாத்திரத்தையா சீரா அனுப்புவ? வாடகைப் பாத்திரம்னு சம்பந்தி வீட்ல சிரிக்க மாட்டாங்களா?"

"அச்சா, அதுக்குள்ள வரி வந்துரும்க்கா."

வராவிட்டால்? குண்டானை எடுத்துக்கொண்டு வந்தேன்.

போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரிய கடைகள் இருக்காது. பதினொரு மணிக்குப் பிறகு போங்கள். திருப்பி எடுப்பார்களா என்று கேட்டு, அதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வரி முடிவாகும் வரை பொறுக்க முடிந்தவர்கள் பொறுங்கள். முகூர்த்தம் பொறுக்காது.

கல்யாணம் அடுத்த திங்கள். வெட்டிய பிறகு வரி குறைந்தால் நட்டம் எனக்கு. கையில் இருப்பது நாம் இரண்டு பேரும் போட்ட முதல்தான், அது போனால் வியாபாரமும் போச்சு. வெட்டாவிட்டால் அந்தப் பெண் பேரில்லாத பாத்திரத்தோடு புகுந்த வீட்டுக்குப் போவாள். பேர் வெட்டுகிற மிஷின் உன் கைக்குத்தான் பழக்கம். நீயாக இருந்தால் இன்றைக்கே வெட்டுவியா சின்னி, இல்லை காத்திருப்பியா?