செல் இல்லாத வாட்ச்

மாதிரித் தேர்வில் கடைசி இருபது கணக்குகளை நான் தொடவே இல்லை. கையில் கட்டியிருந்த வாட்சில் மணி பதினொன்று பத்து. நேரம் கிடக்கிறது என்று நிதானமாகத் தமிழ்ப் பகுதியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது வந்து விடைத்தாளை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பிறகுதான் பார்த்தேன், நொடிமுள் அசையாமல் நின்றது. அரசு வேலைக்கான அசல் தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. உள்ளே செல்போன் விடமாட்டார்கள். எந்தப் பள்ளிக்கூடத்தில் இடம் விழும், அங்கே சுவர்க் கடிகாரம் இருக்குமா, இருந்தாலும் ஓடுமா, ஒன்றும் தெரியாது.

அந்த வாட்ச் துபாயில் வேலை பார்த்த என் தாய்மாமா கொண்டுவந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். பட்டம் வாங்கியதும் அவரே வந்து என் கையில் கட்டிவிட்டார். பின்பக்கம் கண்ணாடி. உள்ளே அரைவட்டமாக ஒரு தகடு, கை அசைய அசையச் சுற்றும். அது சுற்றச் சுற்ற உள்ளே இருக்கும் சுருள் இறுகும், அந்த இறுக்கத்தில் வாட்ச் ஓடும். ஓரத்துக் குமிழைத் திருகிச் சாவி கொடுக்கிற வேலை இல்லை. திருகினால் முள்தான் நகரும். இந்த வாட்சைக் கட்டிக்கொண்டுதான் பரீட்சை எழுதுவேன் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். ஷிப்ட் முடிந்து வரும் வழியில் வாட்சைக் கடைக்குக் கொண்டுபோனவர் அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார்.

"செல் மாத்துடான்னேன். இதுல செல்லே இல்லங்கான். உன் தம்பி செல் இல்லாத வாட்சக் குடுத்து ஏமாத்திட்டான் பாத்துக்கோ."

அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "என் தம்பியாவது வாட்சு குடுத்தான். உங்க தங்கச்சி ஒரு சீப்பு குடுத்திருப்பாளா இந்தப் பிள்ளைக்கு?"

"அதுக்கில்லட்டி. தேரடியில செல் வாட்சு நாலஞ்சு தொங்குது. ஒண்ண வாங்கிக் கட்டிட்டுப் போகட்டுமே."

"வேண்டாம்" என்றேன்.

மறுநாள் நானே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த வாட்ச் கடைக்குப் போனேன். முப்பது வயதிருக்கும் அந்த அண்ணனுக்கு. மூடியைக் கழற்றி, ஒற்றைக் கண்ணில் லென்ஸை மாட்டிப் பார்த்தார். தகட்டை ஊதினார், அது லேசாகச் சுற்றி நின்றது. ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க என்றார். மூன்றாம் நாள் போனபோது வாட்ச் அவர் கையிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

"இதுக்கு ஒண்ணுமில்ல தங்கச்சி. நான் கட்டினா ஓடுது."

"நான் கட்டுனா நின்னுருதே, அண்ணே."

"அப்ப உங்களத்தான் கழத்திப் பாக்கணும்."

கடையில் இருந்த இன்னொருவர் சிரித்தார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. வேலை தெரியாதவன் பேச்சு என்று மனதில் திட்டிக்கொண்டே வந்தேன். இரண்டு நாள் கழித்து, நூலகத்தில் உட்கார்ந்திருக்கும்போதே வாட்ச் நின்றது.

அன்றைக்குத்தான் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுத ஆரம்பித்தேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. எடுத்துப் பார்த்தால் எனக்கே பெருமையாக இருக்கும். முதலில் வாட்சை நன்றாகக் குலுக்கி அலமாரியில் வைத்தேன். ஒரு பகல், ஓர் இரவு, அடுத்த பகலும் ஓடி அதன்பிறகே நின்றது. ஆக, சுருள் பிடித்து வைத்துக்கொள்கிறது. இறுகியது சீக்கிரம் தளரவில்லை, இறுகுவதில்தான் கோளாறு. அப்படியென்றால் இன்னொருவர் கையில் கட்டிப் பார்க்க வேண்டும்.

அம்மா விடியற்காலையில் பூப் பறிக்கப் போவாள். பிச்சிப் பூ, மல்லிகைப் பூ. வெயில் ஏறுமுன் பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்ப வேண்டும். அவள் கையில் வாட்சைக் கட்டியபோது உடைந்துவிடுமோ என்று கையை விறைப்பாக நீட்டிக்கொண்டாள். "சும்மா பறிம்மா, அது ஒண்ணும் ஆகாது" என்று மூன்று நாள் அனுப்பினேன். கூடப் பறிக்கிற பெண்கள் அவளைச் சும்மா விடவில்லை.

"ஏட்டி, ஆபீசரம்மா வந்துட்டா. மணி என்னம்மா ஆவுது?"

"சின்ன முள்ளு ஏழுல நிக்கி. பெரிய முள்ளு எங்கன நிக்கின்னு உங்களுக்குச் சொல்ல மாட்டேன்" என்றாளாம் அம்மா. வீட்டுக்கு வந்து அதை இரண்டு தடவை சொல்லிச் சிரித்தாள்.

மூன்று நாளும் வாட்ச் நிற்கவில்லை. பிறகு நான் கட்டினேன். இரண்டாம் நாள் நின்றது. நோட்டில் எழுதியதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கடைக்கார அண்ணன் சொன்னது சரிதான்.

"நாள் பூரா உக்காந்து படிச்சா அது எப்படி ஓடும்?" என்றாள் அம்மா.

"உக்காந்தேவா இருக்கேன்? நூலகத்துக்கு நடந்துதானம்மா போறேன், வாரேன். ரெண்டு கிலோமீட்டர்."

"எங்க, நட பாப்போம்."

நோட்டை எடுத்துக்கொண்டு வாசலிலிருந்து தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தேன். அம்மா வாசல் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, கை எங்க?"

கை, மார்போடு நோட்டை அணைத்துக்கொண்டிருந்தது. இரண்டு கையும்தான். ஆறாம் வகுப்பில் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போன நாளிலிருந்து நான் அப்படித்தான் நடக்கிறேன். கல்லூரியிலும் அப்படித்தான். பொம்பளப் பிள்ளை கையை வீசி நடக்கக் கூடாது, புஸ்தகத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துப் போ என்று சொல்லி அனுப்பியவள் அம்மாதான். எங்கள் வீட்டிலிருந்து படிக்கப் போகிற முதல் பிள்ளை. யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டால் அப்பா மறுநாளே நிறுத்திவிடுவார் என்று அவளுக்குப் பயம்.

இரண்டு பேருக்கும் அது ஞாபகம் வந்தது. அம்மா உள்ளே போய் ஜவுளிக்கடைப் பை ஒன்றை எடுத்து வந்தாள். "நோட்ட இதுல போட்டுத் தோள்ல மாட்டு. அப்பச் சொன்னது அப்ப."

கையை வீசுவது அவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. முதல் நாள் என் கை என் கையாகவே இல்லை. எங்கே வைப்பது என்று தெரியாமல் துப்பட்டாவையே பிடித்தது. ரத வீதிகளை மாலையில் ஒரு சுற்று சுற்றினேன். டீக்கடையிலிருந்து ஒரு குரல், "எம்மா, போலீஸ் செலக்சனா?" என்றது. எனக்குக் காது சுட்டது. ஆனாலும் கையை மடக்கவில்லை. நாலாம் நாள் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் நான் ஒரு சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்று வந்திருந்தேன். நோட்டில் தேதிக்கு எதிரே 'ஓடுகிறது', 'ஓடுகிறது' என்று வரிசையாக எழுதியிருக்கிறேன். அந்த மாலைகளின் பூ வாசமும் பஸ் புகையும் இப்போது நினைத்தாலும் மூக்குக்கு வருகிறது.

தேர்வு கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில். அம்மாவும் பஸ்ஸில் வந்தாள். என் அறையில் சுவர்க் கடிகாரம் இருந்தது, எனக்கு முதுகுப் பக்கம். திரும்பிப் பார்த்தால் கண்காணிப்பாளர் முறைப்பார். நான் திரும்பவில்லை. கையைப் பார்த்து முக்கால் மணி நேரம் மிச்சம் வைத்துக் கணக்குக்குப் போனேன். கடைசிக் கணக்கைக் குறித்தபோது நான்கு நிமிடம் இருந்தது. மணி அடித்தது; என் கையிலும் அதே நேரம்.

வெளியே வேப்ப மரத்தடியில் அம்மா எழுந்து நின்றாள். எப்படி எழுதினாய் என்று கேட்கவில்லை.

"நின்னுச்சா?"

"நிக்கல."

அடுத்த மூன்று நாளும் நான் பாயை விட்டு எழவில்லை, அப்படித் தூங்கினேன். வாட்ச் அம்மா கையில் பூக்காட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தது.