கறுப்பு பீருக்கு வந்த கேன் தண்ணீர்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். வேதியியலில் முதுகலை முடித்தேன். பெங்களூரில் உரிமம் பெற்ற சின்ன பீர் ஆலை ஒன்றில் வேலைக்கு விண்ணப்பித்தபோது அவர்கள் கேட்டது சான்றிதழை அல்ல. கறுப்பு பீருக்கு, உங்கள் ஊர்த் தண்ணீருக்குத் தோதான செய்முறை ஒன்றும் முளைகட்டி உலர்த்திய பார்லியில், அதாவது மால்ட்டில், இறக்கிய சாறு ஒரு பாட்டிலும் கொண்டு வாருங்கள் என்றார்கள். ஈஸ்ட் சேர்த்து நொதிக்கவைக்காத, போதையில்லாத வெறும் சாறுதான். சட்டத்துக்குப் பயப்பட ஒன்றுமில்லை.

எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். கருக வறுத்த மால்ட் புளிப்புத்தன்மை கொண்டது. அதை ஈடுகட்டக் காரத்தன்மையுள்ள கடினத் தண்ணீர் வேண்டும். வாளையார்ப் பக்கம் எங்கள் போர்த்தண்ணீரில் அது தாராளம். கெட்டிலில் செதில் செதிலாக வெள்ளை படியும். பரிசோதித்துப் பார்த்து, ஒரு டிரம் பிடித்து வைத்தேன்.

பெங்களூருக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் காலை, அந்த டிரம்மிலிருந்து தண்ணீரை மொண்டு சூடாக்கி, இருந்த மால்ட் முழுவதையும் கொட்டினேன். புளிப்பை அளக்கும் மீட்டரை அதில் விட்டால், பிஹெச் ஐந்தரையை நெருங்க வேண்டியது ஐந்தைத் தொட்டுக்கொண்டு நின்றது; எண் குறையக் குறையப் புளிப்பு கூடுதல். மீட்டரைக் கழுவினேன், திட்டினேன், மறுபடி விட்டேன். அதே ஐந்து. ஒரு சொட்டு நாக்கில் வைத்தேன். கரிந்த புளிப்பு.

வாசலில் அப்பா.

"ஏனுங்கப்பா, டிரம்முல இருந்த தண்ணி எங்கீங்க?"

"அந்தச் சவுத்தண்ணியா? தென்னைக்கு உட்டுட்டேன் கண்ணு. சட்டியெல்லாம் வெள்ளை புடிக்கிற தண்ணியில பரீச்சைக்குச் செய்யறயேன்னு, கேன் தண்ணி வாங்கியாந்து ஊத்தி வெச்சேன்."

"எனக்கு அந்த வெள்ளைதானுங்கப்பா வேணும்!"

"படிச்ச புள்ள பேசற பேச்சா இது?"

கேன் தண்ணீரில் உப்பு எல்லாவற்றையும் வடிகட்டிவிடுகிறார்கள், அதில் புளிப்பைத் தடுக்க ஒன்றுமே இல்லை என்று விளக்கினேன். "சுத்தமாத்தான இருக்குது?" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு சமையலறைக்கு ஓடி ஆப்பசோடா டப்பாவை எடுத்து வந்தேன்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "இட்லி மாவுக்குப் போடறாப்புல அள்ளிப் போட்ராத, அம்மிணி."

கரண்டி நுனியில் எடுத்துத் தூவி, கிளறி, அளந்தேன். திரும்பத் தூவி, திரும்ப அளந்தேன். முள்ளில் நிற்பதுபோல இருந்தது. ஒருவழியாக மீட்டர் நான் கேட்ட இடத்துக்கு வந்தது. வடித்துக் காய்ச்சிய சாறு வறுத்த காப்பிக்கொட்டை மணத்தோடு இறங்கியது. புளிப்பு உறுத்தவில்லை. செய்முறைத் தாளில் போர்த்தண்ணீர் என்பதை அடித்துவிட்டு, உப்பு நீக்கிய தண்ணீர், சமையல் சோடா என்று எழுதினேன். ஏன் மாற்றினேன் என்பதையும் எழுதினேன். பொய் எழுதி வேலை வாங்க எனக்கு அவசியமில்லை.

பெங்களூரில் அந்தத் திருத்தத்தைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள். வேலை கிடைத்தது.

தொலைபேசியில் சொன்னேன். அப்பா என்னிடம் ஒரு வார்த்தை பேசுவதற்குள் பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கூப்பிட்டுவிட்டார். போனை அவர் வைக்காததால் பேசியதெல்லாம் எனக்குக் கேட்டது.

"கேன் தண்ணி நான் வாங்கியாந்ததுங்க. இல்லீன்னா புள்ளைக்கு இந்த வேலை கெடைச்சிருக்குமா?"

நான் போனை வைத்துவிட்டேன்.