பேரைச் சொன்னால் ஏறுகிறேன்

பாப்பா, தம்பி, இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து இதை வாசியுங்கள். கொழும்பு மண்டபத்தில் விருது வாங்கப் போன இடத்தில் நான் மேடைப் படியில் ஏறாமல் நின்றதை யாரோ போனில் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள். அது உங்கள் வகுப்பு வரைக்கும் வந்துவிட்டது. "ஏன்ப்பா, அங்க போயும் சண்டை புடிச்சீங்க?" என்று பாப்பா கேட்டதற்குப் பதில் இது. வாயால் சொன்னால் சூடாகத்தான் வரும். அதனால் எழுதுகிறேன். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். காரணத்தைத் திருத்த வேண்டாம்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். ஆனாலும் முழுதாக ஒருமுறை சொல்லிவிடுகிறேன், வெளியில் நீங்கள் அதைச் சொல்வதில்லை என்பதால். நுவரெலியாச் சந்தையில் விலை போகாமல் அழுகும் முட்டைக்கோவா, லீக்ஸ், கரட் தழை, ஹோட்டல்களில் மிஞ்சும் சோறு கறி எல்லாம் டிராக்டரில் எங்கள் நிலையத்துக்கு வரும். அதை அரைத்து, சாணித் தண்ணீர் கலந்து, மூடிய பெரிய தொட்டிக்குள் விடுகிறோம். உள்ளே அது செரித்துக் கேஸாகும். அந்தக் கேஸில் ஜெனரேட்டர் ஓடும். கரண்ட் கம்பியேறிப் போகும். தொட்டிக்கு எப்போது தீனி, எப்போது பட்டினி என்று பார்த்துக்கொள்ளும் ஒப்பரேட்டர் நான்.

பாப்பா பள்ளிக்கூடத்தில் அப்பாவுக்குப் பொல்பிட்டிய கரண்ட் ஸ்டேஷனில் வேலை என்று சொல்லி வைத்திருப்பது எனக்குத் தெரியும். தம்பியைக் 'குப்பை லொறி' என்று கூப்பிடுகிறார்கள் என்பதும் தெரியும். கோபம் இல்லை. பொல்பிட்டியவில் தண்ணீர் விழுந்து கரண்ட் வருகிறது, எங்களிடத்தில் கோவா அழுகி வருகிறது. வீட்டில் பல்ப் எரியும்போது அதை மோந்து பார்த்தா நீங்கள் படிக்கிறீர்கள்?

தொட்டி புளித்துப்போன கதையிலிருந்து சொன்னால்தான் விருதுக் கதை விளங்கும். நம்ம மாரியம்மன் கோயில் தேர் முடிந்த மறுநாள், கோயில் பின்னால் எலுமிச்சம்பழம் மலை மாதிரிக் கிடந்தது. பூசைக்கு வெட்டியது, மாலையில் கோத்தது, தேர்ச் சக்கரத்தில் நசுங்கியது. அதோடு அபிஷேகத்துக்கு வந்து மிஞ்சிய தயிர், நீர்மோர் அண்டாக்கள், அன்னதானத்துப் புளிக்குழம்பு. சாமிக்குப் படைத்ததைத் தெருக்குப்பையோடு கொட்ட யாருக்கும் மனசு வரவில்லை. டிராக்டர் ஓட்டும் உங்கள் மாமாதான் சொல்லியிருக்கிறார், தொட்டிக்குள்ள விட்டா கரண்டாகி ஊருக்கே வெளிச்சமாப் போயிரும், அதைவிடப் புண்ணியம் ஏது என்று. எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. கற்பூரம் காட்டி, டிராக்டரில் ஏற்றி, மொத்தத்தையும் ஒரே நேரத்தில் உள்ளே இறக்கிவிட்டார்கள். நான் அன்றைக்கு லீவில், வடம் இழுத்த தோள்பட்டைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு லயத்து வீட்டில் படுத்திருந்தேன்.

அடுத்து வந்த நாட்களில் தொட்டிப் பக்கம் காடி வாடை அடித்தது. ஜெனரேட்டர் இருமியது. பிறகு நின்றேவிட்டது.

"என்னா மச்சான், அம்மன் பிரசாதம் தொட்டிக்குச் சேரலையா?" என்று உங்கள் மாமா கேட்டார்.

"ஒங்க வயித்துல ஒரு மூட்டை எலுமிச்சம்பழத்தையும் ஒரு அண்டா மோரையும் ஊத்தினா நீங்க எந்திரிச்சு டிராக்டர் ஓட்டுவீங்களா மச்சான்?"

அவர் அப்புறம் தொட்டியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கிற நேரமில்லை. கொழும்பு ஆபீசிலிருந்து, தொட்டியைக் காலி பண்ணிக் கழுவுங்கள், அதுவரைக்கும் ஆட்களை நிறுத்திவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். காலி பண்ணினால் உள்ளே செரிக்க வைக்கும் கிருமிகள் மறுபடி உயிர் பிடிக்க மாதக்கணக்கில் ஆகும். அதுவரைக்கும் எங்கள் எல்லோர் வீட்டு அடுப்பும் என்ன ஆகும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

எங்கள் இஞ்சினியர் மிஸ்தான் போனில் அவர்களோடு மல்லுக்கட்டி அவகாசம் வாங்கினார். சிங்களத்துப் பிள்ளை, உங்கள் சித்தியைவிட வயது குறைவு. தீனியை நிறுத்தி, சுண்ணாம்புத் தண்ணீரும் புதுச் சாணியும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து மீட்டுப் பார்ப்போம் என்று மருந்து சொன்னது அவர். கூட இருந்து ஊட்டியது நான். லயத்தில் மாடு வைத்திருக்கிறவர்கள் வாசலுக்கெல்லாம் போய்ச் சாணி கேட்டேன். மழையில் சுமந்தேன். ஒவ்வொரு முறையும் புளிப்புப் பார்க்கும் காகிதத்தை நனைத்து நிறம் பார்த்து, இன்னும் புளிப்பு, இன்னும் புளிப்பு என்று மிஸ்ஸுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவசரப்பட்டு ஒரு வாளி கூட ஊற்றியிருந்தால் வேறு விதமாகக் கெட்டிருக்கும். ஒரு காலையில் கேஸ் வருகிறதா என்று பார்க்கும் குழாயில் நெருப்பு வைத்தபோது சுடர் நீலமாக நின்று எரிந்தது. மிஸ் அந்தக் குளிரில் தலையில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். யாரையும் வேலையை விட்டு நிறுத்தவில்லை.

கழிவிலிருந்து மின்சாரம் எடுக்கும் தொழிலில் தனி ஆளாக நன்றாக வேலை செய்தவருக்குக் கொடுக்கும் விருதுக்கு என் பேரை அனுப்பியது மிஸ்தான். என்னிடம் கேட்டுவிட்டுத்தான் அனுப்பினார். "இது கம்பெனிக்கு இல்ல அண்ணா, ஆளுக்கு," என்று அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

விருது என் பேருக்கு வந்தது. அதன் பிறகுதான் எல்லோருக்கும் அது பொதுச்சொத்தாகத் தெரிய ஆரம்பித்தது. விழாப் புத்தகத்துக்குப் படம் பிடிக்க ஒருவர் கமராவோடு வந்தார். சட்டையைக் கழற்றி, அழுகிய கோவாவை மண்வெட்டியால் அள்ளுவது மாதிரி நில்லுங்கள், இயல்பாக இருக்கும் என்றார். எனக்கு இயல்பு சட்டை போட்டிருப்பதுதான் என்றேன். அழுத்தம் காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் முகம் சுளித்துக்கொண்டே பிடித்தார். கடைசியில் புத்தகத்தில் வந்தது குப்பைக் குவியலின் படம். கீழே, மலைநாட்டு நிலையத் தொழிலாளி ஒருவரின் சாதனை என்று போட்டிருந்தது. ஒருவராம்.

கொழும்புக்குப் போகும் வேனில் மேனேஜர் சேர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இங்க பாருப்பா, மேடைக்கு நாலு பேராப் போவோம். நான் கேடயத்தை வாங்குறேன், நீ ஒரு பக்கம் புடிச்சுக்க. எல்லாரும் ஒண்ணாச் செஞ்ச வேலைதானே?"

"தொட்டி புளிச்சப்ப எல்லாரும் ஒண்ணாவா சேர் மழையில நின்னோம்?"

"அப்படி இல்லப்பா. உன் பேரு தனியா வந்தா மத்தவங்க மனசு நோகும்ல."

"மத்தவங்க வேலைக்கு மத்தவங்க பேரைப் போடுங்க சேர். நான் வேணாங்கலை. மிஸ் செஞ்ச பாதியை நான் தொடலை. என் பாதியை நான் குடுக்கவும் மாட்டேன்."

முன் சீட்டில் இருந்த மிஸ் திரும்பவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிந்தது.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில், என் அம்மா கொழுந்து எடுக்கும்போது யாரோ பிடித்த படம் ஒரு கலண்டரில் வந்தது. அதைத் தோட்டத்து ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்தார்கள். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போய், கீழே இருந்த இங்கிலீசை வாசிக்கச் சொன்னார். எழுத்துக் கூட்டி வாசித்தேன். தேயிலை பறிக்கும் பெண் என்றுதான் இருந்தது. "எம் பேரு இல்லையாடா?" என்றார். இல்லை என்றேன். "பேரு எழுதத் தெரியாதவன் புடிச்ச படமா இருக்கும். பாவம்," என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்கு ஏறிப் போய்விட்டார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பேர் கூப்பிடுவது ஆள் வந்ததா என்று பார்க்க. கூப்பிட்ட பிறகு நாமெல்லாம் ஆட்கள்தான். மலைக்கு இத்தனை ஆள், தேயிலை ஸ்டோருக்கு இத்தனை ஆள். நல்ல வேலை செய்தாய் என்று பேர் சொல்லி ஒருத்தரைக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

மண்டபம் பெரியது. குளிரூட்டி, பூ, வெள்ளை மேசைத்துணி. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களையெல்லாம் பேர் சொல்லி, படித்த படிப்பைச் சொல்லி, பதவியைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒவ்வொருவரும் ஏறிப் போய் வாங்கினார்கள். எங்கள் முறை வந்தது. அறிவிக்கும் அம்மா புத்தகத்தைப் பார்த்துத் தமிழில் வாசித்தார்: "அடுத்ததாக, மலையகத்திலிருந்து வந்திருக்கும் நமது தொழிலாளர் சகோதரர்."

கைதட்டினார்கள். மேனேஜர் சேர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். நான் படி வரைக்கும் போய் நின்றேன்.

"ஏறுப்பா, எல்லாரும் பாக்குறாங்க," என்றார் சேர் பின்னாலிருந்து.

"பாக்கட்டும் சேர். பேரைச் சொன்னா ஏறுறேன்."

கைதட்டல் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. அதைத்தான் நீங்கள் போனில் பார்த்தீர்கள். நான் கத்தவில்லை, கையை நீட்டவில்லை. பாதியில் திரும்பிப் போய்விடலாமா என்றும் தோன்றியது. போனால், நாளைக்கு நீங்கள் படித்து என்ன ஆனாலும், உங்கள் படத்துக்குக் கீழே தொழிலாளர் வீட்டுப் பிள்ளை ஒருவர் என்றுதான் போடுவார்கள் என்று பட்டது. நின்றேன்.

அறிவிக்கும் அம்மா மைக்கைக் கையால் மூடிக்கொண்டு மேடை ஓரத்துக்கு வந்து குனிந்தார். "மன்னிச்சுக்குங்க ஐயா, எனக்குத் தந்ததுல பேர் இல்ல. சொல்லுங்க." நல்ல மனுசி. அவர்மேல் தப்பில்லை. என் அப்பா பேரையும் சேர்த்து என் பேரைச் சொன்னேன். வேலையையும் சொன்னேன். அவர் போய் மைக்கில் பேரைச் சொன்னார், வேலையை விட்டுவிட்டார். நான் அசையவில்லை. அவர் என்னைப் பார்த்தார், சிரித்தார், மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். என் அப்பா பேர், என் பேர், தொட்டி ஒப்பரேட்டர். மூன்று மொழியிலும் சொன்னார். மிஸ் எழுந்து நின்று தட்டினார். நான் தனியாக ஏறிப் போய் வாங்கினேன். சேர் உட்கார்ந்துவிட்டார்.

வேனில் திரும்பும்போது சேர் கடைசி சீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். இதனால் பிறகு ஏதாவது வரலாம். வந்தால் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் அம்மாவுக்கு அந்தப் பயம் இருக்கிறது, எனக்கும் கொஞ்சம் உண்டு. ஆனால் திரும்ப அந்தப் படியில் நிறுத்தினாலும் அப்படித்தான் நிற்பேன். பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால் நீங்கள் என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. அது உங்கள் வாய்.

இது மட்டும் உங்கள் அம்மாவுக்கும் தெரியாது. மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனேன். வேலை முடிந்து, அந்த வேலை உடுப்போடு ஹட்டன் பஸ்ஸில் ஏறினேன். சீட்டுக் கிடைக்கும் நாளில் நான் உட்கார்ந்ததும் முதல் வேலையாகப் பக்கத்து ஜன்னலைத் திறந்துவிடுவேன், என் வாடை மற்றவர்களுக்குப் போகக் கூடாது என்று. மழை முகத்தில் அடித்தாலும் அப்படியே இருப்பேன். யாரும் சொல்லி அல்ல, நானாகப் பழகியது. அன்றைக்கு மழை பலம். முன்பக்கம் ஜன்னலோரம் ஒரு சீட் காலியாக இருந்தது. போய் உட்கார்ந்தேன். மடியில் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொண்டேன். முன்னால் இருந்தவர் ஒருமுறை மூக்கை உறிஞ்சித் திரும்பிப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். ஜன்னலைத் திறக்கவில்லை.