நான் கைநாட்டு வைத்த நோட்ஸ்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல ஒரு காலேஜ் பெண் எழுதுகிறாள். என் பேச்சைப் புத்தகத் தமிழாக மாற்றிக்கொள், மனுஷர்கள் பேசினதில் மட்டும் கை வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு பத்தியையும் படித்துக் காட்டினால்தான் அடுத்ததைச் சொல்வேன்.

என் பேத்திக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. மயிலாப்பூர் பக்கம் ஒரு காலேஜில் பொருளாதாரம் படிக்கிறாள். ஆற்றோரத்தில் இருந்த எங்கள் வீட்டை இடித்துவிட்டு ஊருக்கு வெளியே நாலாவது மாடியில் வீடு கொடுத்துவிட்டார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வர வேண்டும். அவள் கூடவே நானும் வருவேன். மந்தைவெளியில் ஐந்து வீட்டில் பாத்திரம் தேய்த்த காலத்தில் இந்தக் காலேஜ் வாசல் வழியாகத்தான் தினமும் போவேன். உள்ளே எட்டிக்கூடப் பார்த்ததில்லை. இப்போது கடைசி பெஞ்சில், ஃபேனுக்கு நேர் கீழே எனக்கு இடம். முதல் வாரம் முழுக்க எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. டீச்சர் வந்தால் பிள்ளைகளோடு நானும் எழுந்து நிற்பேன். “நீங்க உக்காருங்க பாட்டிம்மா” என்று சொல்லிச் சொல்லி அவர் ஓய்ந்துபோனார்.

காதில் விழுகிற பாடம் பேத்திக்குப் போதும். தொல்லையெல்லாம் போர்டில்தான். “இந்தக் கோடு இங்க இருந்து இப்படி வருது, பாருங்க” என்பார் டீச்சர். எங்கே இருந்து எங்கே என்று இவளுக்கு எப்படித் தெரியும்? வகுப்பில் போனில் பதிவு செய்யக் கூடாது. அதனால் ஒரு மாணவி இவளுக்காக நோட்ஸ் எழுதித் தர வேண்டும், அதற்குச் சேவைச் சான்றிதழ் உண்டு என்று ஏற்பாடு. இரண்டு பெண்கள் முன்வந்தார்கள். ஒரு நாள் இருவரையும் எழுத வைத்து, தாள்களை டீச்சர் எங்களிடம் கொடுத்தார்.

“யாராச்சும் படிச்சுக் காட்டட்டும், அப்பால சொல்றேன்” என்றாள் பேத்தி. நான்தான் முந்திக்கொண்டு தாள்களை வாங்கிப் பார்த்தேன். முதல் பெண்ணின் தாள் இரண்டு பக்கமும் நிறைந்திருந்தது, எறும்பு ஊர இடமில்லை. இரண்டாவது பெண்ணின் தாளில் அரைப் பக்கம்தான். அதிலும் கட்டம், அம்பு, வளைந்த கோடு. மீதியெல்லாம் வெள்ளை.

“இது இன்னாமா, பாடம் எழுதச் சொன்னா கோலம் போட்டுகினு கீற?” என்றேன். வகுப்பே சிரித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. “போர்டுல இருந்த படம் பாட்டி அது” என்று அந்தப் பெண் மெதுவாகச் சொன்னதை யாரும் கேட்கவில்லை.

முதல் பெண்ணையே வைத்துக்கொண்டோம். சாயங்காலம் ஆனால் இரண்டு பக்கமும் நிறைந்த தாளைக் கிழித்துத் தருவாள். குளத்தங்கரைக் கடையிலிருந்து மிளகாய்த்தூள் போட்ட மாங்காய் வாங்கி வந்து அவளுக்குக் கொடுப்பேன். தாள்களைத் துணிப்பையில் அடுக்கி வைப்பேன். மாசத்துக்கு ஒரு படிவம் வரும், உடன் வருகிறவர் என்கிற இடத்தில் நான் கைநாட்டு வைப்பேன். பை கனக்கக் கனக்க எனக்குப் பூரிப்பு.

“வாராவாரம் மேல்மாடி வூட்டு அக்காவாண்ட படிக்கச் சொல்லிக் கேட்டுக்கலாம் ஆயா” என்று பேத்தி கேட்டாள்.

“பேப்பரு கசங்கிப்பூடும் கண்ணு. பரிச்ச லீவுல ஒட்டுக்கா கேட்டுக்க.”

லீவு வந்தது. மேல்மாடி வீட்டுப் பெண் பெருங்குடியில் ஒரு ஆபீசில் துப்புரவு வேலை செய்கிறவள், பிளஸ் டூ படித்தவள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பையைப் பிரித்து உட்கார்ந்தாள். ஐந்தாறு தாள் படித்தாள். அப்புறம் நிறுத்திவிட்டாள்.

“இன்னாடி, தொண்ட காஞ்சி போச்சா?”

“அதேதான் கீது ஆயா.”

“எது?”

“முன்னாடி தாள்ல இன்னா கீதோ அதேதான். மேல தேதி மட்டும் வேற.”

நடுவிலிருந்து ஒன்றை உருவினாள். அடியிலிருந்து ஒன்று. எல்லாம் ஒரே பாடம். விலை ஏறினால் வாங்குவது குறையும். தக்காளி விலை ஏறும்போது இது எனக்குத் தெரியாதா? நாலு மாசத்துக் கட்டும் அது ஒன்றைத்தான் சொன்னது.

பேத்தி அழவில்லை. “வுடு ஆயா. அந்த ஒரு பாடம் நல்லா மனப்பாடம் ஆயிடும்” என்று சிரித்தாள்.

மறுநாள் காலேஜ் லைப்ரரி வாசலில் அந்த முதல் பெண்ணைப் பிடித்தேன். “மொத நாளு ஒழுங்காத்தான் பாட்டி எழுதினேன். யாருமே படிக்கல. பக்கம் நெறஞ்சா போதும்னு நீங்களும் இருந்தீங்க” என்றாள், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

டீச்சரிடம் போனேன். அவர் நாலு படிவங்களை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தார். “நோட்ஸ் திருப்தியா கிடைச்சுதுன்னு நீங்கதானே கைநாட்டு வச்சிருக்கீங்க? சர்ட்டிபிகேட்டுக்குப் பேரும் போயாச்சு. சேவை செய்ய வந்த பொண்ணு மேல புகார் சொன்னா நாளைக்கு யார் வருவா?” நாலு நீலக் கட்டைவிரல். எல்லாம் என்னுடையது.

பரீட்சையில் பேத்தி சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதினார். கோடு வரைகிற கேள்விகளுக்கு எதைச் சொல்வாள்? அந்தப் பேப்பர் அரியர். காலேஜ் ஆண்டு விழா மேடையில் முதல் பெண் சான்றிதழ் வாங்கியபோது பேத்தி கை தட்டினாள். நான் என் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

பிறகு அந்த இரண்டாவது பெண்ணின் முன்னால் போய் நின்றேன்.

“கோலம்னு சொன்னீங்களே பாட்டி.”

“சொன்னேன்மா. தெரியாத்தனமா சொல்ட்டேன்.”

பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. பேத்தியின் உள்ளங்கையை விரித்து, விரலால் ஒரு கோடு இழுத்தாள். “கீழ இருந்து மேல இப்படி ஏறும். இது இன்னொண்ணு, மேல இருந்து எறங்கும். ரெண்டும் இங்க சந்திக்கும்.”

“இவ்ளோதானா?” என்றாள் பேத்தி. “இதுக்கா ஒரு அரியரு?”

இப்போது பேத்திக்கு நோட்ஸ் எழுதுகிறவள் அவள்தான், இதை எழுதுகிறவளும் அவள்தான். கோலம் என்று வருகிற இடத்தை மட்டும் கொஞ்சம் சத்தமாகவே படித்துக் காட்டினாள். காட்டட்டும்.

போன வாரம் புதுப் படிவம் வந்தது. டீச்சர் மைப்பெட்டியைத் திறந்து என் பக்கம் தள்ளினார்.

“மொதல்ல இந்தப் பொண்ணு எல்லாத் தாளையும் படிக்கட்டும் டீச்சர். எம் பேத்தி சரின்னு சொல்லட்டும்.”

“எனக்கு அடுத்த கிளாஸ் இருக்கு பாட்டிம்மா.”

“நீங்க போய்ட்டு வாங்க. நான் இங்கியேதான் குந்திகினு இருப்பேன்.”