ஒரே அச்சில் இரண்டு காமாட்சி விளக்கு

திண்டுக்கல்லுக்கு நான் மருமகளாக வந்தபோது என்னோடு ஒரு வெள்ளிக் காமாட்சி விளக்கும் வந்தது. மூத்த மருமகள் கொண்டுவந்த மாதிரியே, அதே கடையில், அதே எடையில் வேண்டும் என்று மாமியார் கேட்டு வாங்கிய சீர். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். இவர்கள் வீட்டுச் சாமிக்கு என் விளக்கு எரியாது என்று, அதைச் செய்தித்தாளில் சுற்றி டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். பூட்டுக்குப் பஞ்சமில்லாத ஊர்.

ஓரகத்தியின் விளக்குதான் தினமும் எரிந்தது. அவருக்குக் கல்யாணமான மறுவருஷமே அவர் அம்மா இறந்துவிட்டார். அம்மா கையால் கொடுத்ததென்று மிச்சமிருந்தது அந்த விளக்கு ஒன்றுதான். அவரை நான் அக்கா என்பேன். அந்த வீட்டில் என்னைச் சிரிக்கவைத்த ஒரே ஆள்.

தொண்ணூற்றெட்டில் அக்காவின் கணவர் ரெட்டியார்சத்திரம் பக்கம் தோட்டம் வாங்கினார். வெள்ளிக்கிழமை அங்கே பால் காய்ச்சிக் குடிபோக ஏற்பாடு. போகிறவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்குக் கை பரபரத்தது. வியாழக்கிழமை குழாயில் தண்ணீர் வந்தது. அக்கா சாமான் கட்டிக்கொண்டிருக்க, அவர் விளக்கைத் தேய்க்க எடுத்தேன். கையோடு கையாக என்னுடையதையும் வெளியே எடுத்தேன். எட்டு வருஷத்தில் அது தோசைக்கல் நிறத்துக்கு வந்திருந்தது.

இரண்டையும் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டேன். பல்பொடி தொட்டு, பழைய பிரஷ்ஷால் லட்சுமிக்கு இருபுறமும் நிற்கும் யானைகளின் தும்பிக்கை இடுக்கு வரை தேய்த்தேன். கடைசியாக விபூதி போட்டு வேட்டித் துணியால் துடைத்ததும் இரண்டும் பளபளவென்று நின்றன. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அப்புறம்தான் உறைத்தது. எது யாருடையது? ஒன்று கறுப்பு என்பதைத் தவிர அவற்றுக்குள் வேறு அடையாளமே இருந்ததில்லை. வெள்ளி தேயும் என்று சொல்லி மாமியார் பேர் வெட்டவும் விட்டதில்லை. எனக்கு எதையும் மறைக்கத் தெரியாது. அழுதுகொண்டே போய் அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

அக்கா இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையில் தூக்கிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். "தெரியலயே புள்ள," என்றபோது அவர் குரல் உடைந்தது. அந்த நிமிஷம் பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

செத்த நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தார். "எங்கம்மா இருந்திருந்தா, ஒரு வெளக்குக்கு அடையாளம் வச்சுக்கத் தெரியாதவளான்னு என்னயத்தான் வஞ்சிருக்கும். அழுவாத. ஒரு வெளக்க நான் கொண்டுபோறேன். வருசா வருசம் தீவாளிக்கு வாரப்ப மாத்திக்குவோம். ஒரு வருசம் இல்லாட்டி ஒரு வருசம் எங்கம்மா எங்கிட்ட இருக்கும்ல?"

"மத்த வருசம்?" என்றேன்.

"ஏன், நீ பாத்துக்க மாட்டியா?"

மறுநாள் அவர்கள் வண்டி தெருமுனை திரும்பிய அன்று மாலையே, எனக்கு வந்த விளக்கில் எண்ணெய் ஊற்றி ஏற்றினேன். மாமியார் வாயைப் பிளந்து பார்த்தார். அக்காவின் அம்மா என் வீட்டில் இருக்கும்போது, அவரை எப்படி இருட்டில் வைப்பேன்?