பாட்டின் மிச்சம்

அறுபதுகளின் ஆங்கிலப் பாட்டுக்குழு ஒன்றின் மொத்தத் தொகுப்பை மகன் போனில் போட்டிருந்தான். மூன்றாவது பாட்டு வந்ததும் அடுப்படியிலிருந்து ஓடிவந்தேன்.

மேகமலை எஸ்டேட்டில் ஃபிட்டராக இருந்த அப்பா, சின்னமனூர் ரெக்கார்டிங் கடையில் கேசட்டில் பதிந்து வாங்கிவந்த பாட்டு அது. கேசட்டில் இடம் போதாமல் பாதியிலேயே அறுந்துவிடும். தேயிலைத்தூள் வாசமடிக்கும் சட்டையோடு கேசட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, அப்பா மிச்சத்தைச் சீட்டியடிப்பார்.

“மிச்சம் ஒங்களுக்கு எப்பிடிப்பா தெரியும்?”

“தெரியாதுத்தா. பாதியில விட மனசு வரல.”

நாற்பத்து மூன்று வயதில் அப்பா போய்விட்டார்.

இன்றுதான் பாட்டைக் கடைசிவரை கேட்டேன். அப்பா அடித்தது வேறு மெட்டு.

“நல்லாருக்காம்மா?” என்றான் மகன்.

“முடிவு இது இல்லடா” என்று, ஈரக்கையோடு நின்று சீட்டியடித்தேன். மகன் போனை நிறுத்தினான்.